பீனிக்ஸ் வீட்டுக் கூரைகள்: ஓட்டுக்கு அடியில் இருப்பதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வீடு வாங்கும் தமிழர்களுக்காகக் கடன், வரி, பத்திரப்பதிவு என்று நம் நாளிதழ்களில் நிறைய எழுதப்படுகிறது. வாங்கிய வீட்டின் கூரையைப் பற்றி எழுதுவோர் அரிது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள சாண்ட்லர், கில்பர்ட், மேசா போன்ற ஊர்களில் சிப் தொழிற்சாலை வேலைக்கும் மென்பொருள் வேலைக்குமாக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். அவர்களில் பலரும் வாங்கியிருப்பவை 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட, கான்கிரீட் ஓடு வேய்ந்த வீடுகள். கட்டடப் பொறியியல் படித்தவன், நெடுநாளாக இந்த வட்டாரத்தில் இருப்பவன் என்பதால் கூரையில் ஏதாவது கோளாறு என்றால் தெரிந்தவர்கள் என்னைக் கேட்பது வழக்கம். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் அரிசோனா வாசகர்களுக்கும், பிள்ளைகள் இங்கே வீடு பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதுகிறேன்.

சென்னையிலோ திருச்சியிலோ வளர்ந்த நமக்குக் கூரையின் பகை மழைதான். கான்கிரீட் தளத்தின் மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பதும், ஐப்பசிக்கு முன் மொட்டை மாடியின் தண்ணீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்வதும் அந்தப் பழக்கத்தில் வந்தவை. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையிலிருந்து, சுமார் 180 மில்லிமீட்டர் மட்டுமே பெறும் பீனிக்ஸுக்கு வருபவர், 'இங்கே மழையே இல்லையே, கூரைக்கு என்ன ஆகிவிடப் போகிறது' என்று நினைப்பது இயல்பு. ஆனால் பாலையில் கூரையைத் தின்பது வெயில். எப்போதாவது வரும் மழை அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த வெயிலின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டு ஜூன் கடைசி நாளிலிருந்து ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள் பீனிக்ஸில் பகல் வெப்பம் 110 பாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் இது 43 டிகிரிக்கும் மேல். அடுத்த ஆண்டு 100 பாரன்ஹீட்டுக்குக் குறையாத பகல்கள் தொடர்ந்து 113 வந்தன. இது நிழலில் எடுத்த காற்றின் வெப்பம். வெயில் நேராக விழும் கருநிறக் கூரையின் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸையும் எளிதில் தாண்டும். இரவில் ஆறும், மறுநாள் மீண்டும் கொதிக்கும். ஒவ்வொரு நாளும் கூரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் விரிந்து சுருங்குகிறது. கூடவே புற ஊதாக் கதிர், தாரில் உள்ள எண்ணெய்ப் பசையையும் ரப்பரின் நெகிழ்வையும் பிளாஸ்டிக்கின் உறுதியையும் மெல்ல உறிஞ்சிவிடுகிறது.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: 'ஓடு புதிதுபோல இருக்கிறதே, ஏன் கூரையை மாற்றச் சொல்கிறார்கள்? ஏமாற்றுகிறார்களா?' ஓடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்று விற்பனையின்போது சொல்லப்பட்டது பொய்யில்லை. கான்கிரீட் ஓட்டுக்கு வெயில் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. ஆனால் இங்குள்ள ஓட்டுக்கூரையில் தண்ணீரைத் தடுக்கும் கடைசி அரண் ஓடன்று. மரச்சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை அறைந்து, அதன் மேல் தாரில் தோய்த்த தடித்த தாளை விரித்து, அதன் மேல் ரீப்பர் கட்டைகளை ஆணியடித்து, அந்த ரீப்பரில் ஓட்டை மாட்டுகிறார்கள். ஓடு வெயிலையும் மழையின் பெரும்பகுதியையும் தாங்கும் குடை. காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை ஓடுகளின் இடுக்கு வழியே உள்ளே போகத்தான் செய்யும். அப்படிப் போகும் தண்ணீரை வாங்கி இறவாரம் வரை வழித்து விடுவது அந்தத் தார்த்தாள். அதன் ஆயுள் ஓட்டின் ஆயுளில் பாதிகூட இல்லை. குளிர்ந்த நாட்டில் முப்பது ஆண்டு உழைக்கும் தாள், ஓட்டுக்கடியில் அடுப்புச் சூட்டில் கிடக்கும் பீனிக்ஸில் இருபதை எட்டுவதற்குள்ளேயே தளர்ந்துவிடுவது உண்டு. மேலே சொன்ன 1990களின் வீடுகளில் முதலில் போட்ட தாள் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், அதன் காலம் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கில்பர்ட்டில் ஒரு நண்பரின் வீட்டில் படுக்கையறை மூலையில் கைக்குட்டை அளவுக்கு ஈரக்கறை. தரையிலிருந்து பார்த்தால் கூரை கண்ணாடிபோல இருந்தது. ஒரு ஓடும் உடையவில்லை. இரண்டு சரிவுகள் வந்து கூடும் பள்ளத்தில் நாலைந்து ஓடுகளை எடுத்தோம். அடியில் இருந்த தகர வாய்க்கால் முழுக்க மண். ஆண்டுதோறும் வீசும் புழுதிப்புயல் கொண்டுவந்து சேர்த்த மெல்லிய மண், அதில் மெஸ்கீட் மரத்தின் சிற்றிலைகள், புறா இறகு, பழைய கூட்டுக் குச்சிகள். வாய்க்கால் அடைந்ததால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறித் தாளுக்கு வந்திருக்கிறது. தாளின் ஓரத்தை விரலால் நிமிர்த்தியதும் அப்பளம்போல நொறுங்கியது. ரீப்பர் அறைந்த ஆணிகளைச் சுற்றி ஒவ்வொரு துளையும் பெரிதாகியிருந்தது. மண்ணை வாரிவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் புதிய தாள் ஒட்டியிருந்தால் அந்தக் கறை நின்றிருக்கும். ஆனால் வீட்டின் மற்ற சரிவுகளில் இருந்ததும் அதே வயதுத் தாள்தான். தெற்கும் மேற்கும் பார்த்த சரிவுகளில் இன்னும் மோசமாக இருந்தது.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்ற இரண்டாவது கேள்விக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஒழுகும் இடத்தின் அளவைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. தாளின் வயதையும் நிலையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கூரைக்குப் பத்து வயதுதான், ஒரு குழாய் வெளியேறும் இடத்தில் இடுக்கை மூடும் தகட்டு மடிப்பு விட்டிருக்கிறது, அல்லது யாரோ ஏறி நடந்து இரண்டு ஓடு உடைந்திருக்கிறது என்றால் பழுது பார்த்தால் போதும். அதற்கு மேல் செலவழிக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். தாளுக்கு இருபதுக்கு மேல் வயது, வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு பருவத்தில் ஒழுகுகிறது, ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் தாள் மடங்காமல் முறிகிறது என்றால், ஒவ்வொரு மழைக்கும் ஓர் இடத்தை ஒட்டிக்கொண்டிருப்பது காசைக் கரைக்கும் வேலை. ஒட்டுப்பணிக்காக ஒரு பகுதி ஓட்டைக் கழற்றும்போதே பக்கத்துத் தாள் கிழிந்து புது ஒழுகல் தொடங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவது என்றாலும் ஓட்டைக் குப்பையில் போட வேண்டியதில்லை. பழைய ஓடுகளைக் கழற்றிக் கூரையிலேயே அடுக்கி வைத்து, பழைய தாளையும் ரீப்பரையும் அகற்றி, பலகையில் உளுத்த இடங்களை மாற்றி, புதிய தாள் விரித்து, புதிய ரீப்பர் அடித்து, அதே ஓடுகளைத் திரும்ப மாட்டுவது இங்கே மிக வழக்கமான முறை. கழற்றும்போது பத்தில் ஒரு பங்கு வரை ஓடு உடையலாம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். சிக்கல் அங்கேதான் வருகிறது. அதே வடிவ ஓட்டைச் செய்வதை அந்தக் கம்பெனி எப்போதோ நிறுத்தியிருக்கக் கூடும். அப்போது நல்ல ஒப்பந்ததாரர், வீட்டின் பின்பக்கச் சரிவிலிருந்து பழைய ஓடுகளை எடுத்து முன்பக்கத்தை நிரப்பிவிட்டு, கண்ணில் படாத பின்பக்கத்தில் பழைய ஓட்டுக்கடையில் கிடைத்த ஏறக்குறைய அதே ஓட்டைப் போடுவார். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். குடியிருப்போர் சங்கம் உள்ள பகுதிகளில் ஓட்டின் நிறத்துக்கும் வடிவத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் வேலையைத் தொடங்கினால் அபராதக் கடிதம் வீடு தேடி வரும்.

புதிய தாளில் என்ன போடுவது என்ற தேர்வில் கையை இறுக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. முப்பது பவுண்டுத் தாள் என்று வேலையாட்கள் சொல்லும் சாதாரணத் தார்த்தாளை ஒரே அடுக்கு போடுவதுதான் மலிவு. இரண்டு அடுக்காகப் போடுவது அடுத்த நிலை. ரப்பர் கலந்த தார்ப்பூச்சு உள்ள, வெப்பத்துக்கென்றே செய்த கனத்த விரிப்புகள் அதற்கும் மேல். ஓட்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் இந்தச் செலவில் பெரும்பங்கு. எந்தத் தாளைப் போட்டாலும் அந்தக் கூலி ஒன்றுதான். மலிவுத் தாளைப் போட்டுப் பதினைந்து ஆண்டில் அதே கூலியை மறுபடி கொடுப்பதில் என்ன சிக்கனம்? சரிவு குறைந்த கூரையானால், அதாவது பன்னிரண்டு அங்குல நீளத்துக்கு நான்கு அங்குலத்துக்கும் குறைவாக ஏறும் கூரையானால், ஓட்டுக்கடியில் இரட்டை அடுக்கைக் கட்டட விதியே கேட்கிறது. ரீப்பரையும் கேட்டு வாங்க வேண்டும். பலகையோடு ஒட்டிக் கிடக்கும் ரீப்பர், வழிந்து வரும் தண்ணீரையும் மண்ணையும் குறுக்கே அணைபோல நிறுத்திவிடும். சற்று உயர்த்தி, அடியில் தண்ணீர் போக இடைவெளி விட்டு அடித்தால் தாளின் ஆயுள் கூடும்.

எல்லா வீட்டிலும் ஓடு இருப்பதில்லை. பழைய பகுதிகளிலும், மண்சுவர் வீடுபோலத் தோன்றுமாறு கட்டிய வீடுகளிலும் கூரை ஏறக்குறைய தட்டையாக, சுற்றிலும் கைப்பிடிச் சுவரோடு இருக்கும். நம் ஊர் மொட்டை மாடியை நினைவூட்டும் இந்தக் கூரையின் மேல் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரையைத் தெளித்திருப்பார்கள். தெளித்த சில நொடிகளில் பொங்கி இறுகிவிடும் இந்த நுரை, இணைப்பே இல்லாமல் ஒரே விரிப்பாக அமைவதாலும், வெப்பத்தை நன்றாகத் தடுப்பதாலும் பாலைக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அதன் மேல் பூசிய வெள்ளைப் பூச்சுதான் அதற்கு உயிர். பூச்சு தேய்ந்து நுரை வெயிலைப் பார்த்துவிட்டால், மஞ்சளாகிப் பழுப்பாகி மாவுபோல உதிரத் தொடங்கும். அலகால் கொத்திக் குழி பறிக்கும் பறவைகளும் உண்டு. ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் ஒருமுறை மறுபூச்சு கொடுத்துக்கொண்டே வந்தால் அடியில் உள்ள நுரையை மாற்ற வேண்டிய தேவை பல பத்தாண்டுகளுக்கு வராது. மறுபூச்சைத் தள்ளிப்போடுபவர்தான் பிறகு முழுக்கூரையையும் சுரண்டி எடுக்கும் செலவுக்கு ஆளாகிறார். அக்ரிலிக் பூச்சு மலிவு, ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் உரிந்துபோகும்; சிலிக்கோன் பூச்சு தேங்கிய தண்ணீரைத் தாங்கும், ஆனால் புழுதியை ஈர்த்துச் சீக்கிரம் அழுக்காகும், அதன் மேல் பிறகு சிலிக்கோனைத் தவிர வேறொன்று ஒட்டாது. கூரையில் மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இதைத் தேர்ந்தெடுங்கள்.

ஓட்டுக்குப் பதிலாகத் தார் தோய்த்து மணல் ஒட்டிய அட்டைகளை வேயும் தார் ஷிங்கிள் கூரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியின் மேல் முப்பது ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும், இங்கே பதினைந்து முதல் இருபது ஆண்டுக்குள் மேலிருக்கும் மணல் உதிர்ந்து ஓரங்கள் சுருளும். அதை எடுத்துவிட்டு ஓடு போடலாமா என்று கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நூறு சதுர அடி வழக்கமான கான்கிரீட் ஓட்டின் எடை நானூறு கிலோ அளவுக்கு வரும், ஷிங்கிள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். மரச்சட்டங்கள் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுச் சொன்ன பிறகுதான் அந்த ஆசையை வளர்க்கலாம்.

வெள்ளைக் கூரை மின்கட்டணத்தைக் குறைக்குமா என்ற கேள்விக்கு, தட்டைக் கூரையில் நிச்சயம் குறைக்கும் என்பேன். ஒளியைத் திருப்பும் கூரை, அதே வெயிலில் சாதாரணக் கூரையைவிட 28 டிகிரி செல்சியஸ் வரையும் அதற்கு மேலும் குளிர்ந்திருக்க முடியும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஓட்டுக்கூரையில் ஓட்டுக்கும் தாளுக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி ஏற்கெனவே இருப்பதால், நிறத்துக்குச் செலவழிப்பதைவிட, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள அட்டிக்கில் பஞ்சுத் தடுப்பின் தடிமனையும் காற்றுப்போக்கையும் சரிசெய்வதில் பலன் அதிகம்.

ஒழுகல் என்று கூப்பிடும் எல்லாமே கூரையால் வருவதுமில்லை. ஜூன் மாதம், மழை பெய்து பல வாரங்கள் ஆன நிலையில், கூடத்தின் சீலிங்கில் ஈரம் பரவுகிறது என்று ஒரு குடும்பம் பதறியது. கூரைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு முழுக்கூரைக்கும் மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அட்டிக்கில் ஏறிப் பார்த்தால், குளிர்சாதன இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய் பாசி படிந்து அடைத்திருந்தது. தட்டு நிரம்பி வழிந்த தண்ணீர் சீலிங்குக்கு வந்திருக்கிறது. அடைப்பை எடுத்ததும் முடிந்தது. மழையில்லாத மாதத்தில் ஈரம் தெரிந்தால் முதலில் குளிர்சாதனத்தையும், பழைய வீடானால் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும், கூரைமேல் நிற்கும் ஆவிக் குளிரூட்டிக்குப் போகும் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். குளிர்சாதன இயந்திரமே கூரைமேல் உட்கார்ந்திருக்கும் வீடுகளில், அதன் பீடத்தைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்பில்தான் ஒழுகல் தொடங்கும். இயந்திரத்தை மாற்ற வந்த ஆட்கள் அந்த மடிப்பைச் சரியாக மூடாமல் போவது மிகச் சாதாரணம்.

அரிசோனாவில் பருவமழைக் காலம் என்று தேசிய வானிலைத் துறை வகுத்திருப்பது ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. நம் ஊர் பருவமழையோடு இதை ஒப்பிட வேண்டாம். நாற்பத்தைந்து டிகிரியில் கொதித்துக் கிடந்த கூரையின் மேல், பிற்பகலில் திடீரென்று புழுதிச் சுவர் எழுந்து, பின்னாலேயே பலத்த காற்றும் அரைமணி நேர மழையும் வரும். சூட்டில் விரிந்து நின்ற தகடும் தாளும் சட்டென்று சுருங்கும். பட்டி வைத்து மூடிய வெடிப்பெல்லாம் அப்போதுதான் வாய் திறக்கும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் கொட்டுவதும் உண்டு. 2014 செப்டம்பர் 8 அன்று பீனிக்ஸ் விமான நிலையத்தில் ஒரே நாளில் 84 மில்லிமீட்டர் பதிவானது. அதனால் பார்வையிட வேண்டிய மாதம் ஏப்ரல் அல்லது மே. பள்ளங்களில் உள்ள மண்ணை எடுப்பது, தட்டைக் கூரையின் நீர்வாய்களைத் திறந்து வைப்பது, நகர்ந்த ஓட்டைத் திரும்ப இடத்தில் வைப்பது, முகட்டுச் சாந்தில் வெடிப்பு இருந்தால் மூடுவது ஆகியவை அப்போதே முடிந்துவிட வேண்டும். நீங்களாக ஓட்டில் ஏற வேண்டாம். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், ஓட்டின் கீழ்ப்பகுதியில், அடுத்த ஓட்டின் மேல் படிந்திருக்கும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். நடுவில் மிதித்தால் உடையும், உடைந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியாமலும் போகும்.

புயல் ஓய்ந்த மறுநாள் கதவைத் தட்டுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 அக்டோபரில் பீனிக்ஸை அடித்த ஆலங்கட்டி மழையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான கூரைகள் காப்பீட்டுப் பணத்தில் மாற்றப்பட்டன. அதுமுதல் எந்தக் காற்று அடித்தாலும், 'இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்' என்று ஏணியோடு வருபவர்கள் குறையவில்லை. காப்பீடு, காற்றோ ஆலங்கட்டியோ மரமோ விழுந்து திடீரென்று ஏற்பட்ட சேதத்துக்குத்தான் பணம் தரும். வெயிலில் வயதாகித் தேய்ந்த தாளுக்குத் தராது. பத்திரத்தில் மாற்றுச் செலவை முழுதாகத் தருவதாக எழுதியிருக்கிறதா, தேய்மானத்தைக் கழித்துத் தருவதாக எழுதியிருக்கிறதா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். இருபது வயதுக் கூரைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் பங்கைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்பவரையும், அந்த இடத்திலேயே கையெழுத்து கேட்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சூரிய மின்பலகை பொருத்த நினைப்பவர்களுக்கு வரிசை முக்கியம். பலகைக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதன் அடியில் இருக்கும் தாளுக்கு இன்னும் ஐந்து ஆண்டுதான் என்றால், அப்போது பலகைகளை எல்லாம் கழற்றி, கூரை முடித்து, மறுபடி மாட்டும் செலவும் உங்கள் தலையில் விழும். குத்தகைக்கு எடுத்த பலகையானால் அந்தக் கம்பெனி ஆட்களைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். அவர்கள் தரும் தேதிக்குக் காத்திருக்கையில் பருவமழை வந்துவிடும். பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள நிழல் புறாக்களுக்குச் சொர்க்கம். சுற்றிலும் கம்பிவலை கட்டாத வீட்டில் ஓரிரு ஆண்டில் எச்சமும் கூடுமாக மண்டி, தண்ணீர் போகும் வழி அடைபடும்.

யாரிடம் வேலையைக் கொடுப்பது? அரிசோனாவில் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் வழங்கும் மாநிலப் பதிவாளர் அலுவலகம் ஒன்று இருக்கிறது. கூலியும் பொருளும் சேர்த்து ஆயிரம் டாலரை எட்டும் எந்த வேலைக்கும் உரிமம் கட்டாயம். வீட்டுக்கூரைக்கான உரிமப் பிரிவு ஆர்-42 அல்லது வீடு, வணிகக் கட்டடம் இரண்டுக்கும் செல்லும் சிஆர்-42. உரிம எண்ணை அலுவலக இணையதளத்தில் இட்டால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, புகார் ஏதும் உண்டா என்பதைக் காசில்லாமல் பார்க்கலாம். உரிமம் உள்ளவர் வேலையைக் கெடுத்தால் இரண்டு ஆண்டுக்குள் அங்கே புகார் கொடுக்கலாம். அவர் சரிசெய்யாமலோ ஈடு தராமலோ போனால், மாநிலத்தின் ஈட்டு நிதியிலிருந்து ஒரு வீட்டுக்கு 30,000 டாலர் வரை பெற வழியும் இருக்கிறது. தெரிந்தவர் சொன்னார், பாதி விலைக்கு முடித்துத் தருகிறார் என்று உரிமமில்லாதவரிடம் கொடுப்பவருக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை.

மதிப்பீடுகளை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல், ஒரே வேலைக்குத்தான் எல்லாரும் விலை சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இங்கே நூறு சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்று கணக்கிடுகிறார்கள். எத்தனை ஸ்கொயர், எந்தத் தாள், எத்தனை அடுக்கு, பள்ளத்துத் தகடும் குழாய்த் தகடும் புதிதா பழையதா, உளுத்த ஒட்டுப்பலகையை மாற்ற ஒரு பலகைக்கு என்ன விலை, உடையும் ஓட்டுக்கு யார் பொறுப்பு, உத்தரவாதம் பொருளுக்கா கூலிக்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது ஓட்டை மூடுவதற்கு முன் எல்லாச் சரிவையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்லவர்கள் கேட்காமலே தருவார்கள். கூடுமானால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையிலும் வேலை நடக்கிறது. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் விடியுமுன் ஏணியில் ஏறி, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் மனிதர்களைக் கூரைமேல் நிறுத்துவது அவசரத் தேவைக்கு மட்டுமே நியாயம் என்பது என் எண்ணம்.

கடைசியாக, இன்னும் வீடு வாங்காதவர்களுக்கு. அரிசோனாவில் வழக்கமான விற்பனை ஒப்பந்தத்தில் வாங்குபவருக்குப் பத்து நாள் ஆய்வுக்காலம் உண்டு. வீட்டு ஆய்வாளர் பெரும்பாலும் இறவாரத்தில் ஏணியைச் சாத்திப் பார்த்துவிட்டு, 'ஓடு நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிடுவார். தாளின் வயதை அவர் எழுதுவதில்லை. விற்பவர் தரும் விவரப் படிவத்தில் கூரை கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, எப்போதாவது ஒழுகியதா என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். 'தெரியாது' என்று எழுதியிருந்தால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நாளுக்குள், விற்பவரின் ஒப்புதலோடு, உரிமம் உள்ள கூரைக்காரர் ஒருவரைத் தனியே வரவழைத்து, தெற்குச் சரிவில் ஓரிடம், மேற்குச் சரிவில் ஓரிடம், பள்ளத்தில் ஓரிடம் என்று ஓட்டைத் தூக்கித் தாளைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த மூன்று படங்களைக் கையில் வைத்துக்கொண்டு விலையைப் பேசலாம்; ஆய்வுக்காலம் கடந்துவிட்டால் அந்தக் கூரை உங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சாண்ட்லர், அரிசோனா.